அழைத்தவரின் பெயர்: அலன் டியூரிங்கும் ஒரு திரும்பும் முகவரியும்

ஜூன் மாதத்தில் அலன் டியூரிங்கை நினைவுகூர இரண்டு நாட்கள் உண்டு. 7ஆம் திகதி அவர் இறந்த நாள். 23ஆம் திகதி அவர் பிறந்த நாள். 1954இல் இடையிலிருந்த அந்த 16 நாட்களையும் அவர் கடந்திருந்தால் 42 வயதை எட்டியிருப்பார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியக் குறியீட்டை உடைத்தவர் என்று தொடங்குவார்கள். இன்னும் சிலர், இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்டவர் என்பார்கள். நான் கண்டியில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சனிக்கிழமைகளில் கலஹா, புசல்லாவ, தெல்தோட்டை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலிருந்து வரும் இளைஞர் யுவதிகளுக்குச் செய்நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வகுப்பில் டியூரிங்கின் பெயர் வருவது மிகச் சாதாரணமான ஒரு பாடத்தில்தான். லொக் எழுதுவது எப்படி என்ற பாடம் அது.

லொக் என்பது செய்நிரல் தன் போக்கில் எழுதிக்கொண்டு போகும் நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று அது வரி வரியாகப் பதிந்து வைக்கும். ஏதாவது பிழைத்துப்போனால் நாங்கள் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். ஆனால், பெரும்பாலான லொக்குகளில் ஒரு குறை இருக்கும். என்ன நடந்தது என்று இருக்கும். யார் சொல்லி நடந்தது என்பது இருக்காது.

ஓர் அரைப்பேர் கணக்கு

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தோட்டக் கம்பனியின் சம்பளக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் வேலை எங்களிடம் வந்தது. வேறு யாரோ எழுதி, கைமாறி வந்த மென்பொருள். மலையகத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’. செக்ரோலில் முழுப்பேர் விழுந்தால் முழு நாள் சம்பளம். எடுத்த கொழுந்து போதாது என்றால் அரைப்பேர். அந்த மென்பொருளில் முழுப்பேர் பெற்ற சிலருடைய கணக்கு, மாதக் கடைசியில் அரைப்பேராக மாறியிருந்தது.

லொக்கில் எல்லாம் இருந்தது. தொழிலாளியின் இலக்கம், திகதி, நேரம், முழுப்பேர் அரைப்பேராக மாற்றப்பட்டது என்ற தகவல், கூடவே காரியாலயத்தில் வேலை செய்த ஓர் எழுதுவினைஞரின் பயனர் கணக்கு. எல்லோரும் அந்த மனிதரைத்தான் பார்த்தார்கள். வேலையே போகும் நிலை. அவர் தான் எதையும் மாற்றவில்லை என்று சொன்னதை நம்ப யாரும் தயாராக இல்லை. கணினி பொய் சொல்லாது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

கணினி பொய் சொல்லவில்லைதான். பாதியை மட்டுமே சொன்னது. பேரைத் திருத்தும் அந்த மெதட்டை மூன்று இடங்கள் அழைத்தன. ஒன்று, எழுதுவினைஞரின் திரை. இரண்டாவது, மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து வரும் பதிவு. மூன்றாவது, இரவில் தானாக ஓடும் கணக்கு ஒப்பீடு. மூன்றும் ஒரே பயனர் கணக்கில்தான் ஓடின. ஆகவே யார் அழைத்தாலும் லொக்கில் அவருடைய அடையாளம் மட்டுமே விழுந்தது.

நாங்கள் செய்தது ஒரே ஒரு வேலை. அந்த வரியோடு, தன்னை அழைத்த மெதட்டின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னோம். அடுத்த மாதம் விடை தெரிந்தது. மலையில் இணையம் விட்டு விட்டு வருகிறது. காலை நிறுவையின் பதிவு மட்டும் இரவில் மீண்டும் ஒருமுறை வந்து சேர, இரவு ஒப்பீடு அதையே முழு நாள் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதுவினைஞருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குறைந்த பேர்கள் திருத்தப்பட்டன; அவரும் வேலையில் தொடர்ந்தார்.

புதைத்து வைத்த சீட்டு

அழைத்தவரின் பெயரைக் கணினி எப்படி அறிகிறது? ஒரு மெதட் இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்பிவர வேண்டும் என்று ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது. அழைக்கப்பட்டது மூன்றாவது ஒன்றை அழைத்தால் முதல் சீட்டின் மேல் இன்னொரு சீட்டு. இந்தக் குவியலுக்குப் பெயர் ஸ்டாக், தமிழில் அடுக்கு. கடைசியாக வைத்த சீட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். திரும்பிப் போவதற்காக எழுதிய சீட்டில், எங்கிருந்து வந்தோம் என்பதும் அடங்கிவிடுகிறது. அந்தச் சீட்டுகளை எட்டிப் பார்த்தால் அழைத்தவர் யார் என்று தெரியும்.

ஜாவாவில் இந்த அடுக்கு முழுவதையும் கேட்டு வாங்கலாம். 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து தேவையான ஆழம் வரைக்கும் மட்டும் பார்க்கும் ஸ்டாக்வோக்கர் வசதியும் உண்டு. சீ ஷார்ப் மொழியில் 2012இலிருந்து வேறொரு வழியும் இருக்கிறது. அங்கே கோட்டைத் தொகுக்கும்போதே, அழைக்கும் இடத்தின் பெயரைத் தொகுப்பி எழுதி அனுப்பிவிடும். பைத்தனிலும் அடுக்கைத் திறந்து பார்க்கலாம். மாணவர்களிடம் மூன்று விடயங்களை எச்சரிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் அடுக்கைத் தோண்டினால் செய்நிரல் மெதுவாகும். லொக் எழுதுவதற்கென்று தனி மெதட் வைத்திருந்தால், அதற்கும் ஒரு சீட்டு இருக்கும் என்பதால் எத்தனையாவது சீட்டைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கடைசியாக, வேகத்துக்காகத் தொகுப்பி சிறிய மெதட்களை ஒன்றோடொன்று கரைத்துவிடுவதுண்டு. அப்போது நடுவில் இருந்தவரின் பெயர் அடுக்கிலேயே இருக்காது.

இந்தச் சீட்டு முறையை முதலில் காகிதத்தில் எழுதிவைத்தவர்களில் ஒருவர்தான் அலன் டியூரிங். 1945இன் இறுதியில் அவர் அதை எழுதியபோது, அப்படியொரு கணினி பிரிட்டனில் இருக்கவில்லை. அவர் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்த பாதை எங்கள் ஊர்களுக்கு மிக அருகில் தொடங்குகிறது.

போத்தனூர் வழியாக

டியூரிங்கின் தாய் எதெல் சாரா ஸ்டோனி பிறந்தது, கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில், 1881இல். அவருடைய தந்தை சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர். டியூரிங்கின் தந்தை ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இந்தியக் குடிமைப் பணி அதிகாரி. மூத்த மகன் ஜோன் 1908இல் குன்னூரில் பிறந்தார். அலன் பிறக்கவிருந்த காலத்தில் பெற்றோர் இங்கிலாந்து சென்றார்கள். 1912 ஜூன் 23 அன்று லண்டனில் அவர் பிறந்தார்.

அதே சென்னை மாகாணத்தின் ஊர்களிலிருந்துதான் எங்கள் மூதாதையர் கண்டிச் சீமைக்கு அழைத்து வரப்பட்டார்கள். முதலில் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காக. அவர்களிடம் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. டின் டிக்கட் என்பார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், ஆளின் இலக்கம் எத்தனை என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கும். போய்ச் சேரவேண்டிய முகவரி அதில் இருந்தது. திரும்பிப் போக வேண்டிய ஊரின் பெயர் இருக்கவில்லை. டியூரிங்கின் தந்தை போன்ற அதிகாரிகளின் பெயர், பதவி, பிறந்த திகதி, மாற்றலான ஊர் எல்லாம் அதே அரசின் ஏடுகளில் ஒழுங்காக இருக்கின்றன.

அதிகாரியின் மகனுக்கும் ஓர் இழப்பு இருந்தது. பெற்றோர் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்க, பிள்ளைகள் இருவரும் ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஓர் இராணுவ அதிகாரியின் குடும்பத்தோடு விடப்பட்டார்கள். பெற்றோரை இடையிடையே வந்துபோகும் விருந்தாளிகளாகப் பார்த்து வளர்ந்த பிள்ளை அலன்.

1926இல் ஷேர்போர்ன் பாடசாலையில் சேரவேண்டிய நேரத்தில் பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 14 வயது நிரம்பாத அந்தப் பையன் சவுத்தாம்ப்டனிலிருந்து சைக்கிள் மிதித்து, இடையில் ஒரு விடுதியில் தங்கி, பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தான். ஏறத்தாழ 100 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கொழும்பு போகும் தூரத்துக்குச் சற்றுக் குறைவு.

அங்கேதான் கிறிஸ்டோபர் மோர்கம் என்ற மாணவனின் நட்புக் கிடைத்தது. கணிதத்திலும் வானியலிலும் அவர்களுக்கு ஒரே ஆர்வம். அலன் அவனை நேசித்தார். 1930 பெப்ரவரியில் காசநோயால் கிறிஸ்டோபர் இறந்துபோனான். மனம் என்பது உடலோடு முடிந்துவிடுகிறதா, சிந்தனைக்கு உடல் அவசியமா என்ற கேள்விகள் அந்த மரணத்திலிருந்துதான் டியூரிங்கைப் பற்றிக்கொண்டன என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 22 வயதில் அங்கேயே ஆய்வாளர் பதவி. 1936இல் கணிக்கக்கூடிய எண்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரை. எந்தக் கணிப்பையும் படிப்படியான எளிய செயல்களாகப் பிரிக்கலாம். அந்தச் செயல்களை ஒரு நாடாவில் எழுதிக்கொடுத்தால் ஒரே இயந்திரம் எந்த இயந்திரத்தின் வேலையையும் செய்யும் என்று அதில் காட்டினார். அந்த இயந்திரம் முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால், உங்கள் கையிலிருக்கும் தொலைபேசி அந்தக் கற்பனையின் படிதான் இயங்குகிறது. பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அலொன்சோ சேர்ச்சிடம் படித்து 1938இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

பெயர் எழுதப்படாத வருடங்கள்

பிரிட்டன் போரை அறிவித்த மறுநாள், 1939 செப்டெம்பர் 4, டியூரிங் பிளெட்ச்லி பார்க்கில் இருந்தார். ஜேர்மனியரின் எனிக்மா இயந்திரத்தின் குறியீட்டைப் போலந்தின் கணிதவியலாளர்கள் 1932இலேயே உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். போருக்குச் சில வாரங்கள் முன்னர், தாங்கள் அறிந்ததை பிரிட்டனுக்குக் கையளித்தார்கள். டியூரிங் அதிலிருந்து மேலே சென்று பொம்ப் எனப்படும் இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேலும் கூர்மையாக்கினார். போர் முடியும்போது இப்படியான இயந்திரங்கள் 200க்கும் மேல் இருந்தன. அவற்றை இயக்கியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள்.

கடற்படை எனிக்மாதான் எல்லாவற்றிலும் கடினம். உடைக்க முடியாது என்று பலரும் ஒதுக்கிவைத்த அதை டியூரிங் எடுத்துக்கொண்டார். 1941 நடுப்பகுதியில் அவருடைய குழு அந்தச் செய்திகளை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியது. அத்திலாந்திக் கடலில் உணவும் எரிபொருளும் கொண்டுவந்த கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து விலக்கி அனுப்ப அது உதவியது.

அந்தப் போரின் ஒரு முனை எங்கள் ஊரிலும் இருந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனை தாவரவியல் பூங்காவுக்கு மாற்றினார். இன்று பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா வந்து சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும் புல்வெளிகளுக்குப் பக்கத்தில் அன்று இராணுவக் குடில்கள் இருந்தன. கொழும்பில் அன்டர்சன் என்ற கடற்படை நிலையம் ஜப்பானிய வானொலிச் செய்திகளை இடைமறித்துக் கேட்டது. டியூரிங் இங்கே வந்ததில்லை. அவருடைய வேலை ஜேர்மன் குறியீடுகளோடு. ஆனால், பிளெட்ச்லியிலும் கொழும்பிலும் ஒரு பாடம் பொது. செய்தியின் உள்ளடக்கம் புரியாவிட்டாலும், எந்த நிலையம் எந்த நிலையத்தை எத்தனை முறை அழைக்கிறது என்பதை மட்டும் குறித்துவைத்தாலே படைகளின் நகர்வு பாதி தெரிந்துவிடும். அழைத்தவர் யார் என்பதே அங்கு பெரிய தகவல்.

பிளெட்ச்லியில் வேலை செய்தவர்கள் எதையும் வெளியில் சொல்லக்கூடாது. டியூரிங்குக்கு ஓர் அரச விருது கிடைத்தது. எதற்காக என்று சொல்லப்படவில்லை. போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகன் இறந்து ஐந்து வருடங்களுக்குப் பின்னர் 1959இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். போர்க்கால வேலையைப் பற்றி எழுத அவரிடம் ஏறக்குறைய ஒன்றும் இருக்கவில்லை. அந்த இரகசியம் பரவலாக வெளிவந்தது 1974இல்தான்.

போய்வருவதற்கு ஒரு குறிப்பு

போர் முடிந்ததும் டியூரிங் லண்டனுக்கு வெளியே டெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். 1945இன் இறுதியில் ஏஸ் என்ற கணினிக்கான திட்ட அறிக்கையை முடித்தார். அதில்தான் அந்தச் சீட்டு வருகிறது.

அவருடைய பிரச்சினை எளிதாகச் சொல்லக்கூடியது. வர்க்கமூலம் காண்பது போன்ற ஒரு துணைவேலை பல இடங்களில் தேவைப்படும். ஒவ்வோர் இடத்திலும் அதை முழுமையாக எழுதினால் நினைவகம் போதாது. அன்று நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஓடும் ஒலி அலைகள். ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம். ஆகவே துணைவேலையை ஒருமுறை எழுதி, தேவையான இடங்களிலிருந்தெல்லாம் அங்கே போய்வர வேண்டும். போவது சுலபம். எங்கே திரும்பி வருவது? விட்டுப்போகும் இடத்தைக் குறித்து, அந்தக் குறிப்பை நினைவகத்தில் புதைத்துவிட்டுப் போகலாம். திரும்பும்போது தோண்டி எடுக்கலாம் என்று டியூரிங் எழுதினார். புதைத்தல், தோண்டியெடுத்தல் என்ற பொருளுள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களைத்தான் அந்தக் கட்டளைகளுக்குப் பெயராகவும் வைத்தார். துணைவேலைக்குள் இன்னொரு துணைவேலை வந்தால், குறிப்பின் மேல் குறிப்பாகப் புதைக்கலாம்.

நிர்வாகத் தாமதங்களால் ஏஸ் அவர் எண்ணிய அளவில் எழவில்லை. சலித்துப்போய் அவர் விலகினார். அதன் சிறிய வடிவம் 1950 மே மாதம்தான் முதலில் இயங்கியது. இதற்குள் கேம்பிரிட்ஜில் டேவிட் வீலர், எட்சாக் கணினியில் போய்த் திரும்புவதற்கு நடைமுறைக்கு உகந்த ஒரு வழியைக் கண்டிருந்தார். 1950களின் இறுதியில் ஐரோப்பியக் கணிதவியலாளர்கள் அடுக்கு என்ற கருத்தை இன்று நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாடொன்றில் டியூரிங் இன்னொரு சிறிய கட்டுரையை வாசித்தார். பெரிய செய்நிரல் சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பது அதன் பொருள். எழுதுபவர் இடையிடையே சில இடங்களில், இங்கே வரும்போது நிலைமை இப்படி இருக்கவேண்டும் என்று குறித்துவைக்க வேண்டும். சோதிப்பவர் அந்தக் குறிப்புகளைத் தனித்தனியாகச் சரிபார்த்தால் முழுவதும் சரியா என்று தெரிந்துவிடும். எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்பதை அவர் ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறார். பின்னால் வரும் ஒருவர் எங்கள் வேலையைப் புரிந்துகொள்ளும்படி தடம் விட்டுப்போக வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதெல்லாம் இந்தக் கட்டுரையின் நிழலில்தான்.

முறைப்பாடு செய்தவர் குற்றவாளியானது

1948இல் டியூரிங் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்த கணினிக்குச் செய்நிரல் எழுதுவோருக்கான கையேட்டை எழுதினார். 1950இல் இயந்திரமும் அறிவும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை. 1951இல் ரோயல் சொசைட்டி உறுப்பினர். 1952இல், விலங்குகளின் உடலில் புள்ளியும் வரியும் எப்படித் தோன்றுகின்றன என்பதற்கு ஒரு கணித விளக்கம்.

அந்த 1952 ஜனவரியில் வில்ம்ஸ்லோவிலிருந்த அவரது வீட்டில் திருட்டு நடந்தது. அவர் பொலிஸில் முறைப்பாடு செய்தார். திருடனை அறிந்த ஓர் இளைஞருடன் டியூரிங்குக்கு உறவு இருந்தது. விசாரணை திருட்டிலிருந்து விலகி அந்த உறவின் பக்கம் திரும்பியது. டியூரிங் எதையும் மறைக்கவில்லை. மிகவும் அநாகரிகமான செயல் என்ற குற்றச்சாட்டு, 1885ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 11ஆம் பிரிவின் கீழ் அவர்மீது சுமத்தப்பட்டது. மார்ச் 31 அன்று நட்ஸ்ஃபோர்ட் நீதிமன்றம். போரில் அவர் செய்தது அரச இரகசியம் என்பதால் அதைத் திறந்த மன்றில் எடுத்துவைக்க வழியிருக்கவில்லை. சிறைக்குப் பதிலாக ஒரு வருடம் பெண் ஹோர்மோன் சிகிச்சையை ஏற்றுக்கொண்டார். உடல் மாறியது. அரசின் இரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது.

1954 ஜூன் 7 அன்று அவர் இறந்தார். மறுநாள் வீட்டுப் பணிப்பெண் கண்டார். சயனைட். மரண விசாரணை தற்கொலை என்று தீர்ப்பளித்தது. இரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே தாய் நம்பினார்.

2009இல் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசெம்பரில் அரச மன்னிப்பு வந்தது. அது டியூரிங் ஒருவருக்கு மட்டும். அதே சட்டத்தால் தண்டிக்கப்பட்ட பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு என்ன பதில் என்று மக்கள் கேட்டதன் பின்னர், 2017இல்தான் மற்றவர்களுக்கும் மன்னிப்பு விரிந்தது. 2021இல் 50 பவுண் தாளில் அவர் முகம் வந்தது.

எங்கள் சட்டத்தை அழைத்தவர் யார்?

இந்த இடத்தில் இதை வேறொரு நாட்டின் சோகக் கதையாக முடித்துவிட என்னால் முடியவில்லை. டியூரிங்மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் பெயர் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவில் இன்றும் இருக்கிறது. உச்சத் தண்டனையும் அதே இரண்டு வருடச் சிறை. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. இலங்கையோ 1995இல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தது.

இந்தச் சட்டத்தைத் தொடக்கூடாது, இது எங்கள் கலாசாரம் என்று சொல்பவர்கள் கண்டியிலும் உண்டு. எல்லா மதத்திலும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது லொக் பார்க்கும்போது கேட்கிற அதே கேள்விதான். இதை அழைத்தவர் யார்? சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானிய ஆட்சி இயற்றியது. அதன் 365ஆம் பிரிவுக்கு அடியில் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். 365அ பிரிவின் குற்றப் பெயர் 1885இன் லண்டன் நாடாளுமன்றத்துடையது. கண்டி இராச்சியத்தின் பெயரோ எங்கள் இலக்கியங்களின் பெயரோ அந்த அடுக்கில் எங்கும் இல்லை. நடுவில் இருந்த பெயர்கள் கரைந்துவிட்டதால், கடைசியாக நிற்கும் நாங்களே அதைச் செய்ததுபோலத் தோன்றுகிறது.

அந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கப்படுபவர்கள் அரிது, ஆகவே பாதிப்பில்லை என்பது இன்னொரு வாதம். தீர்ப்புகளை மட்டும் எண்ணினால் அப்படித் தெரியலாம். கைது, மிரட்டல், பணம் பறித்தல், பலவந்தமான உடற்பரிசோதனை ஆகியவற்றை மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து பதிவுசெய்து வந்திருக்கின்றன. இன்றிரவு பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ தன்பாலீர்ப்பாளர் ஒருவரின் வீட்டில் திருட்டு நடந்தால், அவர் பொலிஸுக்குப் போக வேண்டுமா என்று இரண்டு முறை யோசிப்பார். திருடனுக்கும் அது தெரியும். 1952இல் வில்ம்ஸ்லோவில் டியூரிங் மாட்டிக்கொண்ட அதே பொறி இது.

2023இல் இந்தப் பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்றை நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்தார். அதை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம், சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அந்த வருடம் மே மாதம் தீர்மானித்தது. நீதிமன்றத்தின் பக்கமிருந்த தடை அத்தோடு நீங்கியது. அதன் பின்னரும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு சட்டமூலமும் காலாவதியானது.

சட்டமூலத்தை மீண்டும் எழுத அதிக உழைப்புத் தேவையில்லை. வாசகம் தயாராக இருக்கிறது, நீதிமன்றத்தின் தீர்மானமும் இருக்கிறது. அதை மேசைக்குக் கொண்டுவர 225 பேரில் ஒருவர் போதும். அதற்குப் பிறகு பெயர் குறித்த வாக்கெடுப்பைக் கோரலாம். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் சபையிலேயே இருக்கவில்லை என்பதெல்லாம் அப்போது ஹன்சாட்டில் பதிவாகும்.